இடைப்படங்களை இனி யார் வரைவார்கள்?

அனிமேஷன் பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



கம்ப்யூட்டர் வந்தது, கையால் வரையும் அனிமேஷன் போனது. உங்கள் துறையின் வரலாற்றை இப்படி ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சாஃப்ட்வேரைப் பழகவே நேரம் போதாத வகுப்பறையில் அந்த ஒரு வரி சௌகரியமாகவும் இருக்கிறது. ஆனால் நடந்த கதை வேறு. கம்ப்யூட்டர் முதலில் கைவைத்தது பெயின்ட் டப்பாவிலும் கேமராவிலும்தான். பென்சில் வரைக்கும் வந்து சேர அதற்கு வெகுகாலம் பிடித்தது. அதற்குள் சத்தமில்லாமல் காணாமல் போன ஒன்று உண்டு. அது ஒரு கருவி இல்லை, ஒரு இருக்கை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

பழைய முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் மாற்றத்தின் அளவு புரியும். அனிமேட்டர் காகிதத்தில் பென்சிலால் வரைவார். காகிதத்தின் ஓரத்தில் துளைகள் இருக்கும். அவை மேஜையில் பதித்த பெக் பாரில் உட்காரும். அதனால் ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இம்மியும் விலகாது. அசைவின் முக்கிய நிலைகளை, அதாவது கீ படங்களை, மூத்தவர் போடுவார். அவற்றுக்கு நடுவே வரும் இடைப்படங்களை இளையவர் போடுவார். கோடுகளைச் சுத்தம் செய்தபின் இன்கர் ஒருவர் அந்தக் கோட்டை 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் முன்பக்கத்தில் மையால் நகலெடுப்பார். பெயின்டர் அதே தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவார். தூரிகைத் தடம் திரையில் தெரியாமல் வண்ணம் சமமாக விழுவது அந்தப் பின்பக்க வேலையால்தான். பிறகு வரைந்த பின்னணியின் மேல் செல்களை அடுக்கி, கண்ணாடியால் அழுத்தி, ஒவ்வொரு பிரேமாகப் படமெடுப்பார்கள்.

அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் 1914-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. பெரிய ஸ்டூடியோக்கள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இதையே பிடித்துக்கொண்டு படம் எடுத்தன. நொடிக்கு 24 பிரேம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திவைத்தாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். 80 நிமிடப் படம் என்றால் 1,15,200 பிரேம். ஒரே ஷாட்டில் மூன்று பாத்திரங்கள் தனித்தனியாக அசைந்தால் செல் கணக்கும் மும்மடங்கு.

இதில் வெளியில் இருப்பவர்கள் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. செல் முழுக்கத் தெளிவானதல்ல. அதற்கே லேசான ஒரு சாயல் இருக்கும். நான்கைந்து தாள்களை அடுக்கினால் அடியில் இருக்கும் பாத்திரத்தின் நிறம் மங்கிவிடும். அதை ஈடுகட்ட, அடியில் போகும் செல்லுக்கு ஒரு படி வெளிறிய பெயின்ட்டைத் தனியாகக் கலப்பார்கள். ஒரே சிவப்புச் சட்டைக்கு அது எந்த அடுக்கில் வருகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு டப்பா. ஷாட்டின் நடுவில் ஒரு பாத்திரம் வெளியேறி ஒரு அடுக்கு குறைந்துவிட்டால், மற்ற நிறங்கள் சட்டென்று பளிச்சிட்டுவிடக் கூடாதே என்று அந்த இடத்தில் வெற்றுச் செல் ஒன்றை வைப்பார்கள். தூசி, கீறல், கைரேகை ஒவ்வொன்றும் பகை. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் செல்லைத் தொடுவார்கள்.

இந்த உழைப்பில் முதல் வெட்டு கம்ப்யூட்டரிடமிருந்து விழவில்லை. ஜெராக்ஸிலிருந்து விழுந்தது.

1959-இல் வெளிவந்த டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் கையால் மையிட்டார்கள். செலவு சுமார் 60 லட்சம் டாலர். முதல் வெளியீட்டில் போட்ட பணம் திரும்பவில்லை, ஸ்டூடியோவில் ஆட்குறைப்பு நடந்தது. மிக்கி மவுஸை வால்ட் டிஸ்னியோடு சேர்ந்து உருவாக்கிய அப் ஐவர்க்ஸ், அனிமேட்டரின் பென்சில் கோட்டை நேரடியாகச் செல்லின் மேல் நகலெடுக்கும்படி ஜெராக்ஸ் முறையை மாற்றியமைத்தார். 1961-இல் வந்த '101 டால்மேஷன்ஸ்' முழுக்க அப்படித்தான் உருவானது. உடம்பெல்லாம் புள்ளி கொண்ட அத்தனை நாய்களையும் கையால் மையிட்டு வரைவது என்பதை நினைத்துப் பார்த்தாலே இதன் அவசியம் விளங்கும்.

அந்தப் படத்தின் கோடுகள் சொரசொரவென்று இருக்கும். வால்ட் டிஸ்னிக்கே அது முதலில் பிடிக்கவில்லை. ஆனால் வில்லி க்ரூயெல்லாவின் தலைமுடியையும் மேலங்கியையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவளை வரைந்த மார்க் டேவிஸின் பென்சில் எங்கே அழுத்தியது, எங்கே வழுக்கியது என்பதுவரை தெரியும். இடையில் இன்னொரு கை இல்லாததால் அனிமேட்டரின் கை முதன்முறையாகப் பார்வையாளரைத் தொட்டது. அதே இயந்திரம் இன்கர்களின் வேலையையும் கொண்டுபோனது. டிஸ்னியின் இன்க் அண்ட் பெயின்ட் பகுதியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அனிமேட்டர் நாற்காலி ஏறத்தாழ ஆண்களுக்கென்றே இருந்த காலம் அது. கலைத்திறன் இருந்த பெண்களுக்குத் திறந்திருந்த ஏறக்குறைய ஒரே கதவு மையிடும் அறைதான். இயந்திரம் முதலில் சாத்தியதும் அந்தக் கதவைத்தான். அனிமேஷன் வரலாறு எழுதுகிறவர்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடக் கூடாது.

அடுத்த பெரிய திருப்பத்துக்கு முப்பது ஆண்டு ஆனது. அதற்கு முன் 1986-இல் 'த கிரேட் மவுஸ் டிடெக்டிவ்' படத்தில் ஒரு சின்ன முன்னோட்டம். பிக் பென் கடிகாரக் கோபுரத்துக்குள் சண்டை நடக்கிறது. சுற்றிலும் பற்சக்கரங்கள் சுழல்கின்றன. அந்தச் சக்கரங்களின் அசைவைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுக் கோடுகளாகக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தது. பிறகு அவற்றைச் செல்லுக்கு மாற்றி வண்ணம் பூசினார்கள். எலிகள் மட்டும் வழக்கம்போல மனிதர் கையால்.

டிஸ்னியும் பிக்ஸாரும் சேர்ந்து உருவாக்கிய 'கேப்ஸ்' என்ற அமைப்பு அதன்பின் வந்தது. 1989-இல் 'த லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கடைசிப் பகுதியில் அதைச் சோதித்தார்கள். 1990-இல் 'த ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' படத்தில் ஒரு செல்கூடப் பூசவில்லை. காகிதப் படத்தை ஸ்கேன் செய்து, திரையில் வண்ணம் நிரப்பி, பின்னணியோடு கணினிக்குள்ளேயே இணைத்து, நேராகப் பிலிமில் பதித்தார்கள். அடுக்கின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு போயிற்று. அடியில் இருக்கும் நிறம் மங்கும் தொல்லை போயிற்று. கன்னத்தில் லேசான சிவப்பு, கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் முகம், நிழலின் மெல்லிய விளிம்பு எல்லாம் ஒவ்வொரு பிரேமிலும் கைவசமாயின. 1991-இல் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில் கேமரா அந்த நடன மண்டபத்தைச் சுற்றி வந்ததே, அந்த மண்டபம் கம்ப்யூட்டரில் கட்டியது. ஆடுகிற இருவரும் காகிதத்தில் பிறந்தவர்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பெற்ற முதல் அனிமேஷன் படம் அதுதான்.

'த லயன் கிங்' (1994) படத்தில் வில்டபீஸ்ட் விலங்குக் கூட்டம் பள்ளத்தாக்கில் இறங்கும் காட்சி இரண்டரை நிமிடம்தான் ஓடும். அதைச் செய்து முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நூற்றுக்கணக்கான விலங்குகள் ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் ஓடுவதற்குத் தனியாக ஒரு புரோகிராமே எழுத வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் காட்சியில் நம் வயிற்றைப் பிசைவது எது? கூட்டத்தைப் பார்த்துச் சிங்கக்குட்டி சிம்பாவின் கண் விரியும் அந்த நொடி. அது பென்சில்.

இதை நீங்கள் மனதில் நிறுத்த வேண்டும். பிறகு கேப்ஸில் உருவாகி, டிஜிட்டல் படங்கள் என்று பெயரெடுத்த அத்தனை டிஸ்னி படங்களிலும் அனிமேட்டர்கள் பெக் பாரில் காகிதத்தை மாட்டித்தான் வரைந்தார்கள். பின்னாளில் 3டி அனிமேஷனால் கையனிமேஷனை ஓரங்கட்டியதாகப் பேசப்படும் அதே பிக்ஸார்தான் இந்தப் பொற்காலத்துக்கான கருவியைச் சேர்ந்து செய்தது. செல்லைப் பிரிந்ததற்கு வருந்த ஒன்றுமில்லை என்பதே இம்மடலின் கருத்து. தூசியோடும் மங்கும் நிறத்தோடும் போராடியதில் போன நேரம் கலைக்குத் திரும்பி வந்தது.

ஜப்பானிலும் இதே வழிதான், வேகம் மட்டும் வேறு. 1997-இல் இயக்குநர் மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே' சுமார் 1,44,000 செல்களைக் கொண்ட படம். அதிலேயே ஒரு சிறு பகுதிக்கு டிஜிட்டல் பெயின்ட் நுழைந்துவிட்டது. 1999-இல் இயக்குநர் தகாஹாதாவின் 'மை நெய்பர்ஸ் த யமதாஸ்' முழுக்க டிஜிட்டல். கரைந்துபோன வாட்டர்கலர் போன்ற அதன் தோற்றத்தைச் செல்லில் கொண்டுவந்திருக்கவே முடியாது. கம்ப்யூட்டரின் துணையால் கூடுதலாகக் கைவேலை போலத் தெரியும் படம் அது. இன்னொரு புறம், 1969-இல் தொடங்கி இன்றும் ஞாயிறுதோறும் ஓடும் 'சசாயே-சான்' தொடர், ஜப்பானியத் தொலைக்காட்சியில் கடைசியாகச் செல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. 2013 செப்டம்பரோடு அதுவும் விட்டது. அமெரிக்காவில் 'த சிம்ப்சன்ஸ்' 2002-இலேயே மாறிவிட்டது.

இனி, காணாமல் போன அந்த இருக்கைக்கு, இடைப்படக்காரரின் இருக்கைக்கு, வருவோம்.

ஒரு பாத்திரம் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்து வலப்பக்கம் திரும்புகிறது என்று வையுங்கள். முதல் கீ படத்தில் மூக்கு இடப்பக்கம், கடைசிக் கீ படத்தில் வலப்பக்கம். நடுப்படத்தை இயந்திரத்திடம் கேட்டால் ஒவ்வொரு புள்ளியையும் நேர்க்கோட்டில் பாதித் தூரம் நகர்த்தித் தரும். முகம் நேராக, தட்டையாக, உயிரில்லாமல் இருக்கும். ஓடவிட்டுப் பார்த்தால் மூக்கு முகத்தின் மேல் சறுக்கிப் போவது போலத் தோன்றும். பழகிய கை வேறு மாதிரி போடும். கண் முதலில் திரும்பும், தலை பின்னால் வரும். நடுவில் தாடை சற்றுத் தாழும். இமை மூடும். தலைமுடி ஒரு படம் தாமதித்துத் திரும்பும். படங்கள் தொடக்கத்திலும் முடிவிலும் நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும் இருக்கும், அதனால்தான் தலைக்கு எடை வருகிறது. கீ படத்தின் ஓரத்தில் மூத்தவர் ஏணி போல ஒரு சின்ன அளவுகோல் போட்டு, எந்தப் படம் எதற்கு அருகில் என்று குறித்திருப்பார். அதைப் பார்த்துப் போடுவது இடைப்படக்காரரின் வேலை.

அவர் இடக்கை விரல்களுக்கு நடுவே நாலைந்து தாள்களைச் செருகிக்கொண்டு, மாற்றி மாற்றிப் புரட்டியபடியே வலக்கையால் வரைவார். புரட்டும்போது அசைவு கண்ணில் ஓடும். இன்று உங்கள் சாஃப்ட்வேரில் ஆனியன் ஸ்கின் இருக்கிறது. முன்படமும் பின்படமும் மங்கலாக அடியில் தெரியும். அது எங்கே வரைய வேண்டும் என்பதைக் காட்டுகிறது. எப்படி அசைகிறது என்பதைக் காட்டுவதில்லை. ஆனியன் ஸ்கின்னை அணைத்துவிட்டு, பிரேம்களை முன்னும் பின்னும் தட்டித் தட்டிப் பார்த்து வரைகிறவர் வரைவதில் ஒரு வித்தியாசம் இருக்கும். இன்றைக்கே முயன்று பார்க்கலாம்.

ஆயிரக்கணக்கில் இடைப்படம் போட்டவருக்கு எடையும் தாமதமும் வளைவும் விரலில் ஏறியிருக்கும். யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மியாசாகி 1963-இல் டோயி ஸ்டூடியோவில் சேர்ந்தது இடைப்படக்காரராகத்தான். 1965-இல் வந்த கலிவரின் விண்வெளிப் பயணப் படத்தில் இடைப்படம் போட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞர், படத்தின் முடிவுக்கு ஒரு மாற்று யோசனை சொன்னார். அதை ஏற்றுக்கொண்டு படத்தை முடித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்குக் கதை முழுவதும் தெரிந்திருந்தது, சொன்னால் கேட்பதற்கும் ஆள் இருந்தது. டிஸ்னியில் நீண்டகாலம் நிலைத்த முதல் கறுப்பினக் கலைஞர் ஃபிளாய்ட் நார்மனும் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யின் இடைப்பட மேஜையிலிருந்துதான் கிளம்பினார்.

இந்த மேஜையை இயந்திரத்திடம் கொடுத்துவிட முடியாதா என்ற கேள்வி புதிதல்ல. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் என்ற இருவர் 1970-களின் தொடக்கத்திலேயே கீ படங்களுக்கு நடுவே கம்ப்யூட்டரை வரையவைத்தார்கள். அதைக் கொண்டு பீட்டர் ஃபோல்டஸ் 1974-இல் 'ஹங்கர்' என்ற குறும்படத்தை எடுத்தார். பெருந்தீனிக்காரன் ஒருவன் உருமாறிக்கொண்டே போகும் கதை. ஒன்று இன்னொன்றாக உருகும் அந்தக் கோடுகள் கதைக்குப் பொருந்தின, கான் விழாவில் பரிசும் கிடைத்தது. ஆனால் எல்லாக் கதையும் உருகும் கதை இல்லையே! 1978-இல் எட் கேட்மல், பின்னாளில் பிக்ஸாரின் தலைவரான அதே கேட்மல், இதன் சிக்கலை ஒரு ஆய்வுக் கட்டுரையில் பிட்டுப்பிட்டு வைத்தார். அனிமேட்டர் மனதில் இருப்பது முப்பரிமாண உருவம். காகிதத்தில் விழுவது அதன் தட்டையான நிழல். நிழலை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு மறைந்திருக்கும் கை எங்கே, திரும்பிய காது எங்கே என்று தெரியாது. தகவலே அங்கே இல்லை.

ஆகவே இயந்திரம் இடைப்படக்காரரை நேராக வெல்லவில்லை. மேஜை வேறு இரண்டு வழிகளில் காலியானது.

ஒன்று, வேலை கடல் தாண்டியது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் இடைப்படமும் பெயின்ட்டும் தென்கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போயின. ஜப்பானும் கொரியாவுக்கும் சீனாவுக்கும் வியட்நாமுக்கும் அனுப்பியது. காகிதக் கட்டுகளை விமானத்தில் ஏற்றிய காலத்தில் அதற்கு ஒரு வரம்பு இருந்தது. ஸ்கேனும் இணையமும் வந்தபின் அந்த வரம்பும் இல்லை. கீ போடுகிறவர் ஒரு நாட்டில், இடைப்படம் போடுகிறவர் இன்னொரு நாட்டில். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தாளை வாங்கித் திருத்தி "இங்கே தாடையை இறக்கு" என்று சொல்ல அறைக்குள் யாரும் இல்லை.

இரண்டாவது, 1996-இல் தொடங்கி ஃபிளாஷ் போன்ற மென்பொருள்கள் பொம்மலாட்ட முறையைக் கொண்டுவந்தன. தலை, கை, கால் எல்லாம் தனித்தனித் துண்டு, மூட்டில் ஆணி. துண்டை நகர்த்தினால் நடுப்படம் தானே வரும். வாரந்தோறும் ஒரு பகுதி கொடுக்க வேண்டிய தொடருக்கு இது பெரிய உதவி, இதை இகழ வேண்டியதில்லை. நல்ல ரிக், அதாவது இப்படி மூட்டிணைத்த பொம்மை, செய்வதும் ஒரு வித்தைதான். ஆனால் அதை மட்டுமே பழகிய கை, ரிக்கில் இல்லாத ஒரு கோணத்தில் தலையைத் திருப்பச் சொன்னால் நின்றுவிடுகிறது.

திரைப்படத்தில் கையனிமேஷன் ஓரங்கட்டப்பட்டதற்குக் காரணம் தொழில்நுட்பமே இல்லை. முதலாளிகளின் கணக்கு. 2002-இல் டிஸ்னி வெளியிட்ட இரண்டு கையனிமேஷன் படங்களைப் பாருங்கள். 'டிரெஷர் பிளானட்'டின் செலவு சுமார் 14 கோடி டாலர். வந்தது அதைவிடக் குறைவு. 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்' சுமார் 8 கோடியில் எடுத்து 27 கோடிக்கு மேல் ஈட்டியது, அதுவும் மென்மையான வாட்டர்கலர் பின்னணிகளோடு. 'டிரெஷர் பிளானட்'டில் ஜான் சில்வர் என்ற கடற்கொள்ளையனின் உடம்பைக் கிளென் கீன் பென்சிலால் வரைந்தார், இயந்திரக் கை கம்ப்யூட்டரில் உருவானது. இரண்டும் ஒரே உடம்பாகப் பொருந்திய அழகு இன்றும் வியக்கவைக்கும். ஆக, மக்கள் கையனிமேஷனை வெறுத்ததாக எந்தக் கணக்கும் சொல்லவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் படங்களின் வசூலைப் பார்த்த நிர்வாகம் பென்சிலின் மேல் பழியைப் போட்டது. 'லிலோ'வை எடுத்த ஃபுளோரிடா ஸ்டூடியோ 2004-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு வந்த 'ஹோம் ஆன் த ரேஞ்ச்'தான் கேப்ஸில் உருவான கடைசி முழுநீளப் படம். 2009-இல் 'த பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்' எடுக்க மனம் வந்தபோது பழைய அமைப்பு காலாவதியாகியிருந்தது. டூன் பூம் ஹார்மனி என்ற வேறு மென்பொருளை வாங்கி வேலை பார்த்தார்கள். 2011-இன் 'வின்னி த பூ'வுக்குப் பிறகு அந்த ஸ்டூடியோவிலிருந்து கையால் வரைந்த முழுநீளப் படம் வரவில்லை.

மேஜை காலியானதன் விலை பிற்பாடு தெரிந்தது. தன் நூற்றாண்டுக்காக டிஸ்னி 2023-இல் 'ஒன்ஸ் அபான் எ ஸ்டூடியோ' குறும்படத்தை வெளியிட்டது. அதில் பழைய படங்களிலிருந்து 543 பாத்திரங்கள். அவற்றில் பலவற்றைக் கையால் வரைந்தாக வேண்டும். எரிக் கோல்ட்பெர்க் போன்ற மூத்தவர்கள் முன்னால் நின்றார்கள். இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கையனிமேஷனுக்கென்றே புதிதாகப் பயிற்சியும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் அன்றாட வேலையே கற்றுக்கொடுத்ததைத் தனித் திட்டம் போட்டுக் கற்பிக்கும் நிலை.

மறுபுறம், டிஜிட்டலால் வந்த நன்மைக்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. மும்பை பிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவை அமைக்க வந்த டிஸ்னி அனிமேட்டர் கிளேர் வீக்ஸிடம் பயின்றவர் ராம் மோகன். யூகோ சாகோவோடு அவர் சேர்ந்து இயக்கிய இந்திய-ஜப்பானியக் கூட்டுப் படம் 'ராமாயணா: த லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' முழுக்கக் கையால் வரைந்தது. 1993-இல் வந்தபோது இங்கே திரையரங்கில் அதற்குச் சரியான இடம் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் 4கே தரத்தில் மெருகேற்றி, தமிழ் உட்படப் பல மொழிகளில் திரைக்கு வந்தது. செல்லில் பூசிய அந்த நீலத்தையும் பச்சையையும் நம் குழந்தைகள் பெரிய திரையில் பார்க்க வழிசெய்தது டிஜிட்டல்தான். இதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஜப்பானின் கியோட்டோ அனிமேஷன் ஸ்டூடியோவில் 2019 ஜூலையில் நடந்த தீவைப்பில் 36 பேர் உயிரிழந்தார்கள். காகிதங்கள் எரிந்துபோயின. கான்கிரீட் சுவருக்குள் இருந்த சர்வரிலிருந்து ஸ்கேன் செய்த படங்களை மீட்டார்கள். வரைந்தவர்கள் பலர் இல்லாமல் போன பின்னும் அவர்கள் போட்ட கோடுகள் மிஞ்சியது அந்த ஸ்கேனால்தான்.

இன்றைய கருவிகளைக் கொண்டு பென்சில்காரர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பார்த்தால் உற்சாகமாகத்தான் இருக்கிறது. 2019-இல் வந்த 'க்ளாவுஸ்' படத்தை இயக்கிய செர்ஜியோ பாப்லோஸ் டிஸ்னியில் வரைந்து தேறியவர். மாட்ரிட்டில் அவருடைய ஸ்டூடியோவில் பாத்திரங்களைக் கையால் வரைந்துவிட்டு, அந்தத் தட்டை ஓவியத்தின் மேலேயே ஒளியையும் நிழலையும் படரவிடும் ஒரு கருவியைப் பயன்படுத்தினார்கள். பார்க்கிறவர்கள் பலர் அதை 3டி என்றே நம்பினார்கள். அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் எடுத்த 'வுல்ஃப்வாக்கர்ஸ்' (2020) படத்தில் ஓநாயின் கண்வழியே காடு விரியும் காட்சிகள் உண்டு. முப்பரிமாண வெளியில் கேமரா ஓட்டத்தைத் தீர்மானித்து, பிறகு பிரேம் பிரேமாகக் காகிதத்தில் பென்சிலாலும் கரித்துண்டாலும் வரைந்தார்கள். கரி அப்பிய அந்தக் கோடுகளின் துடிப்பை வேறெந்த வழியில் வரவழைத்திருக்க முடியும்? ஜெரெமி கிளாபனின் 'ஐ லாஸ்ட் மை பாடி' (2019) பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் உருவங்களை அசைத்து, அவற்றின் மேல் கையால் கோடு வரைந்து எடுத்த படம். பிளெண்டர் இலவசம். ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளும் 2016-இல் 'ஓப்பன்டூன்ஸ்' என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. லட்சம் ரூபாய்க் கருவி இல்லை என்பது இனி யாருக்கும் தடையாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது இடைப்படம் போடும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேட்மல் சொன்ன தடையை அது ஓரளவு தாண்டுகிறது, எண்ணற்ற படங்களைப் பார்த்து மறைந்திருக்கும் காதை ஊகித்துக்கொள்கிறது. நாளைக்கு இன்னும் நன்றாகவே செய்யும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது போட்டது சரியா, தாடை தாழ்ந்ததா, எடை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவோ கொள்ளவோ ஒரு கண் வேண்டும். அந்தக் கண் இடைப்பட மேஜையில் திறந்தது. மேஜை இல்லாமல் அது எங்கே திறக்கும்? இதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

அதனால்தான் உங்களிடம் சில வேண்டுகோள்கள். ரிக் பழகுவதற்கு முன் ஒரு பருவமாவது கையால் வரைய நேரம் ஒதுக்கும்படி உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள். காகிதமோ டேப்லெட்டோ எதுவானாலும் சரி. ஒரு தலைத் திருப்பம், எடை தூக்கி நடக்கும் ஒரு நடை, கீழே விழுந்து எழும் ஒரு கோணிப்பை. இந்த மூன்றையும் இடைப்படம் உட்பட ஒரு படம் விடாமல் நீங்களே போடுங்கள். உங்கள் நண்பர் போட்ட கீ படங்களுக்கு நீங்கள் இடைப்படம் போடுங்கள், உங்களுடையதற்கு அவர் போடட்டும். இன்னொருவர் நினைத்ததைக் கோட்டிலிருந்து படித்தறிவது அப்படித்தான் வரும். பழைய படங்களைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள், எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் சிலர் ஸ்டூடியோ நடத்துவீர்கள், சிலர் குழுவுக்குத் தலைமை ஏற்பீர்கள். கால அவகாசம் கழுத்தை நெரிக்கும்போது இடைப்படத்தை முழுக்க மென்பொருளிடம் தள்ளிவிடத்தான் தோன்றும். தள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு சீக்வென்ஸிலும் ஒரு ஷாட்டையாவது புதிதாகச் சேர்ந்தவர் கையில் கொடுத்து வைத்திருங்கள். அவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்துங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துப் பட்ஜெட்டில் பணம் எழுதுங்கள், அவருக்குப் பிழைக்கப் போதுமான சம்பளம் கொடுங்கள்.

அன்புடன்,
கையால் வரைந்த படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு வாசகர்